பொறாமை என்றொரு பலகணி

சித்திரை மாதத்து நண்பகலில் புதுச்சேரியின் கடலோரத் தெருக்களில் நடந்துபோகிற ஒருவருக்கு, இரு மருங்கிலும் நிற்கும் பழைய பிரெஞ்சு மாளிகைகள் யாவும் ஆளற்றுப் பூட்டிக் கிடப்பன போலவே தோன்றும். மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்பும் வெயிலில் கண்ணைக் கூசச் செய்ய, ஆளுயர ஜன்னல்கள் ஒவ்வொன்றும் மரக்கதவுகளால் மூடப்பட்டு, தெருவை அசட்டை செய்வன போல நிற்கும். ஆனால் அவ்வீடுகளில் ஒன்றில் ஒரு வாரம் விருந்தினனாகத் தங்கும் பாக்கியம் பெற்ற எனக்கு, உண்மை நேர்மாறானது என்பது முதல் நாள் மத்தியானமே தெரிந்துவிட்டது. அக்கதவு ஒரே பலகையால் ஆனதன்று. இரண்டு விரற்கடை அகலமுள்ள மெல்லிய பட்டைகள் முப்பதோ முப்பத்தைந்தோ, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறினாற்போல் சாய்ந்து, ஒரு சட்டத்துக்குள் அடுக்கப்பட்டிருந்தன; அவற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடிய ஒரு கோல், சிறு கம்பி வளையங்களால் ஒவ்வொரு பட்டையோடும் பிணைக்கப்பட்டிருந்தது. கோலை ஒரு பக்கம் இழுத்தால் பட்டைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் படுத்து வழிவிட்டன; எதிர்ப்பக்கம் தள்ளினால் நிமிர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பல தலைமுறைக் கைகள் பற்றியதால் கோலில் ஒரு சாண் நீளம் மட்டும் வண்ணம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. நான் அதைப் பிடித்து இழுத்தேன். கடற்காற்று உள்ளே வந்தது. சிவப்புத் தரையில் வெயில் கோடு கோடாக விழுந்தது. தெருவில் கூடையோடு போன மீன்காரம்மாளின் மூக்குத்தி வரைக்கும் எனக்குத் தெரிந்தது. அவள் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது மூடிய கதவு.

இத்தகைய மறைப்புக்குப் பிரெஞ்சு மொழியில் 'ஜலூஸி' என்று பெயர். பொறாமைக்கும் அம்மொழியில் ஜலூஸி என்றுதான் பெயர். ஓசை தற்செயலாக ஒத்துப்போன இரண்டு சொற்கள் என்று எண்ணுவதற்கில்லை. ஒரே சொல்தான் மனிதனின் நெஞ்சிலும் அவன் வீட்டு ஜன்னலிலும் குடியிருக்கிறது. பிரெஞ்சு அகாதெமியின் பழைய அகராதிகள் பொறாமையின் வகைகளையெல்லாம் விஸ்தரித்த பிறகு, அதே தலைப்பின் கீழ், தான் காணப்படாமல் பிறரைக் காண உதவும் மரத்தாலோ இரும்பாலோ ஆன பின்னல் தட்டி என்ற பொருளையும், யாதொரு சங்கோசமும் இல்லாமல் எழுதிவைத்தன. தமிழனுக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அடுத்த வீட்டுக்காரன் மாடி கட்டினால் நமக்கு வருவது பொறாமை. அவன் நம் மனைவியோடு சிரித்துப் பேசினால் வருவது சந்தேகம். இவ்விரண்டையும் நாம் வேறு வேறு பாத்திரங்களில் வைத்திருக்கிறோம். பிரெஞ்சுக்காரன் ஒரே பாத்திரத்தில் ஊற்றி வைத்திருக்கிறான். ஜன்னலுக்குப் பெயர் தந்தது, அப்பாத்திரத்தில் இருந்த இரண்டாவது சரக்கு.

சொல்லின் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனால் கிரேக்கத்தில் 'ஸேலோஸ்' என்ற பதத்தில் வந்து நிற்கிறோம். அது கொதிப்பு, ஆவேசம், பிறரோடு போட்டியிட்டு மேம்படும் வேகம் என்று நல்லதும் தீயதும் கலந்த பொருளுடையதாக இருந்தது. பிற்கால இலத்தீனின் வழியே ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்தபோது, சமயப் பற்றின் தீவிரத்தைக் குறிக்கும் சொல் ஒன்றும், கணவனின் சந்தேகத்தைக் குறிக்கும் சொல் ஒன்றுமாக அது இரண்டாகக் கிளைத்தது. இரண்டாவது கிளைக்கு உரமிட்டு வளர்த்தவர்கள் தென்பிரான்சில் ஆக்ஸித மொழியில் பாடித் திரிந்த த்ரூபதூர் என்னும் கவிராயர்கள். அவர்களுடைய பாட்டுகளில் 'கிலோஸ்' என்று ஒரு பாத்திரம் ஓயாமல் வரும். மனைவியை நம்பாமல் வாசலைக் காத்து நிற்கும் கணவன் அவன்.

அந்தக் கணவனின் முழு உருவத்தைக் காண விரும்புவோர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த 'பிளமெங்கா' என்ற கதைக் காவியத்தைப் பார்க்கவேண்டும். முதலும் முடிவும் கிழிந்துபோன ஒரே ஓர் ஏட்டுப் பிரதியாகக் கார்கசோன் நகரத்து நூலகத்தில் அது தப்பிப் பிழைத்திருக்கிறது. பூர்போன் நாட்டுப் பிரபுவான அர்ஷம்போ, அழகியான பிளமெங்காவை மணந்துகொண்ட சில நாட்களிலேயே சந்தேகம் பற்றிக்கொள்ள, குளிப்பதையும் தலை வாருவதையும் விட்டுவிட்டு, மனைவியை இரண்டு தோழியரோடு ஒரு கோபுரத்தில் அடைத்து வைக்கிறான். கோயிலுக்குப் போக அவளுக்கு அனுமதி உண்டு. அங்கும் இருட்டு மூலையில் தடுப்புக்குப் பின்னேதான் அவள் உட்காரவேண்டும். அவள்மேல் காதல் கொண்ட கியோம் என்ற இளைஞன், தலையைச் சிரைத்துக்கொண்டு கோயில் பணியாளனாகச் சேர்ந்து, பூஜையின்போது வேதப் புத்தகத்தை அவள் முத்தமிடக் கொண்டுபோய் நீட்டுகிற ஒரு கணத்தில் இரண்டே அசை பேசுகிறான்; அடுத்த முறை அவள் இரண்டு அசையில் மறுமொழி சொல்கிறாள். இப்படி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓர் உரையாடல் நடக்கிறது! தடுப்பு கட்டிய கணவனோ பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறான். கணவனின் நோயும் மனைவியின் மறைப்பும் இக்கதையில் அக்கம்பக்கமாகவே இருக்கின்றன; நோயின் பெயரை மறைப்புக்கே சூட்டிவிடும் காரியத்தை முதலில் செய்தவர்கள் இத்தாலியர். 'ஜெலோஸியா' என்று அவர்கள் வழங்கியதையே பிரெஞ்சுக்காரர் ஜலூஸி ஆக்கிக்கொண்டார்கள். ஸ்பெயின் நாட்டில் அது 'ஸெலோஸியா'. அங்கும் 'ஸெலோஸ்' என்றால் காதலில் வரும் சந்தேகம்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் விசித்திரமாகப் படுகிறது. மறைப்புக்குப் பொறாமையின் பெயரை வைத்தவர்கள் ஐரோப்பியர். ஆனால் அதைச் செய்து வாழ்ந்தவர்களில் தலைசிறந்தவர்கள் மத்தியதரைக் கடலின் தென்கரையிலும் கீழ்க்கரையிலும் இருந்த அராபியர். கெய்ரோ நகரத்தின் பழைய வீடுகளில், தெருவின்மேல் பெட்டிபோல் துருத்தி நிற்கும் மரப் பலகணிகளைச் செய்த தச்சர்கள், விரல் நீளமுள்ள கட்டைகளைக் கடைந்து, ஒன்றன் முனை மற்றொன்றின் குழியில் பொருந்துமாறு, ஆணியும் பசையும் இன்றி ஆயிரக்கணக்கில் கோத்தார்கள். பாலைவனத்துப் பகல் வெப்பத்தில் மரம் விரிந்தாலும் இராக் குளிரில் சுருங்கினாலும் வெடிக்காமல் இருப்பதற்கு அந்த நெகிழ்ச்சியே காரணம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மஷ்ரபிய்யா'. பருகுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது அது என்பர். காற்று புகும் அவ்விடத்தில்தான் தண்ணீர்ப் பானைகளை வைத்து ஆறவைத்தார்கள். உயரத்திலிருந்து நோக்குதல் என்ற வேறொரு வேரைக் காட்டுவோரும் உண்டு. எப்படியானாலும், வீட்டுக்குள் இருந்து பெயர் வைத்தவனுக்குத் தண்ணீரின் குளிர்ச்சியோ தெருக்காட்சியோ நினைவுக்கு வந்திருக்கிறது. தெருவில் நின்று பெயர் வைத்தவனுக்குத்தான் உள்ளே ஒருத்தி அடைபட்டிருப்பதும், அவளை அடைத்த ஒருவன் இருப்பதும் நினைவுக்கு வந்திருக்கின்றன. நம்முடைய பழஞ்சொற்களும் உள்ளிருந்து பிறந்தவையே. காற்று வரும் வழி காலதர். பல கண்ணுடையது பலகணி. வலைபோல் பின்னியது சாலேகம். எதிலும் கணவனைக் காணோம்.

வெளியே நின்றவனின் தவிப்புக்குத் தத்துவஞானி ரூஸோவைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. 1743-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்துப் பிரெஞ்சுத் தூதரிடம் காரியதரிசியாகப் போய்ச் சேர்ந்த அவர், மெண்டிகாந்தி என்னும் தர்ம விடுதியில் வளர்ந்த பெண்கள் ஞாயிறுதோறும் மாலை ஆராதனையில் பாடுவதைக் கேட்கப் போவார். பாடகிகள் மேல்மாடத்தில் இரும்புப் பின்னலுக்குப் பின்னே இருப்பார்கள். குரல் வரும், முகம் தெரியாது. அந்தப் பாழாய்ப்போன கம்பிகள்தாம் தம்மை வதைத்தன என்று 'ஒப்புதல்கள்' என்ற தம் சுயசரிதையில் அவர் அலுத்துக்கொள்கிறார். கம்பிகளுக்குப் பின்னே தேவகன்னியர் இருப்பதாகவே அவர் நிச்சயம் செய்துவிட்டார். நண்பர் ஒருவர் இரங்கி அவரை உள்ளே அழைத்துப்போய் ஒவ்வொருத்தியாக அறிமுகம் செய்துவைத்தபோது, ஒருத்தி அவலட்சணம், ஒருத்திக்கு ஒரு கண், மற்றொருத்தியின் முகத்தை அம்மை சிதைத்திருந்தது. மனிதர் இடிந்துபோனார். ஆயினும் விருந்தில் அவர்களுடைய பேச்சின் நயத்தைக் கேட்டு, திரும்பும்போது ஏறக்குறைய அத்தனை பேர்மீதும் காதல் கொண்டவராகத் திரும்பினாராம்! அடுத்த ஞாயிறு மறுபடியும் பாட்டுக் கேட்டபோது, கண் சொன்னதை நம்பாமல், அவர்களை அழகிகளென்றே எண்ணிக்கொண்டார். மறைப்பு மறைப்பதைவிட உண்டாக்குவதே அதிகம் என்பதற்கு இவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை வேறு எவரும் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மறைப்புக்கு எதிராக அரசாங்கங்கள் புறப்பட்ட கதைகளும் உண்டு. ஸ்பானியர் ஆண்ட லீமா நகரத்தில் தெருவெங்கும் மரப் பின்னலிட்ட மாடங்கள் தொங்கின. 1735-இல் கட்டி முடிந்த டோரே டாக்லே அரண்மனையில் இன்றும் அவற்றின் வேலைப்பாட்டைக் காணலாம். அந்நகரத்துப் பெண்கள் தெருவில் இறங்கும்போதும் ஒற்றைக் கண் மட்டும் தெரிய முகத்தைப் போர்த்திக்கொண்டு நடப்பார்களாதலால், தன் மனைவியையே அடையாளம் தெரியாமல் கணவன் சரசமாடிய கதைகள் அங்கே வழங்கின. ராஜப்பிரதிநிதிகள் அந்தப் போர்வையைத் தடுத்து ஆணை மேல் ஆணையாகப் பிறப்பித்தும், பெண்கள் அதை இலட்சியம் செய்யவில்லை.

பிரேசில் நாட்டு விவகாரம் இதனினும் கடுமையானது. நெப்போலியனின் படை லிஸ்பன் நகரத்தை நெருங்கவே, போர்த்துக்கல் அரசகுடும்பம் பரிவாரங்களோடு கப்பலேறி 1808-இல் ரியோ டி ஜனேரோவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தெருவெல்லாம் வீடுகள் ஜெலோஸியாக்களால் முகம் மூடி நின்றன. முஸ்லிம்களான மூர்களின் காலத்தில் இபீரிய தேசத்தில் வேரூன்றி, கடல் கடந்து காலனிக்கும் போன வழக்கம் அது. ராஜசபை வந்து தங்கிய நகரம் இப்படி அநாகரிகக் கோலத்தில் இருக்கலாகாது என்று தீர்மானித்து, 1809-இல் நகரப் போலீஸ் தலைவர், பின்னல் தட்டிகளைப் பெயர்த்தெறிய உத்தரவிட்டார். துறைமுகங்கள் அந்நிய வியாபாரத்துக்குத் திறந்துவிடப்பட்டு ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆங்கிலேயரின் கண்ணாடியும் இரும்புக் கிராதியும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. நாகரிகத்தின் பெயரால் வந்த இவ்வுத்தரவில் கண்ணாடி வியாபாரிகளின் நலமும் கலந்திருந்தது என்று பிரேசிலின் சமூக சரித்திரத்தை எழுதிய ஜில்பெர்த்து பிரெய்ரே முதலானோர் ஐயுற்றதை நான் அலட்சியப்படுத்தமாட்டேன். வீட்டின் கண்ணிமையைப் பிடுங்கிவிட்டால், பிறகு அவ்வீட்டார் எதையாவது வாங்கித்தானே அவ்விடத்தை அடைக்கவேண்டும்? நாம் நாள்தோறும் சொல்லும் 'ஜன்னல்' என்ற சொல் இதே போர்த்துக்கீசியரின் 'ஜனேலா'விலிருந்து வந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஜனேலாவை நமக்குத் தந்தார்கள், ஜெலோஸியாவைத் தரவில்லை. நம்மிடம் அதற்கு ஏற்கெனவே சரக்கு இருந்தது போலும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பின்னல் போய்ப் பட்டை வந்தது. குறுக்குநெடுக்காகப் பின்னிய தட்டி, என்றும் ஒரே அளவுதான் காட்டும்; சாய்ந்த பட்டைகளோ திருப்புகிறவன் விருப்பப்படி காட்டவும் மறைக்கவும் செய்யும். பிரெஞ்சுத் தச்சர்கள் இதிலே சாதி பிரித்தார்கள். கீலில் திறக்கும் சட்டத்துக்குள் பட்டைகள் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தால் அது பாரசீகத்தின் பெயரால் 'பெர்சியென்'. பட்டைகள் அசையுமாயின் ஜலூஸி. ஆனால் நான் புதுச்சேரியில் கண்டது கீலில் திறக்கவும் செய்தது, பட்டையும் அசைந்தது. கலப்பு மணத்தில் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்பட்டைகளை நூலில் கட்டித் தொங்கவிட்டதற்கு ஆங்கிலேயர் வெனிஸின் பெயரை இட்டார்கள். ஒவ்வொரு தேசத்தாரும் ஜன்னல் மறைப்பு தங்களுடையது அன்று, வேறெவனோ கீழ்த்திசைக்காரனுடையது என்றே சாதித்திருப்பதைக் கவனித்தால் சிரிப்பு வருகிறது.

அசையும் பட்டை என்ற யுக்தி அதன்பின் ஜன்னலைவிட்டு இறங்கி எங்கெங்கோ போயிற்று. 1769-இல் லண்டனில் பர்கட் ஷூடி என்ற ஹார்ப்ஸிகார்டு செய்யும் கைவினைஞர், வாத்தியத்தின் தந்திகள்மீது இத்தகைய பட்டைகளைப் பொருத்தி, மிதியை மிதித்தால் அவை திறந்து நாதம் பெருகவும், விட்டால் மூடி நாதம் ஒடுங்கவும் வழி கண்டு காப்புரிமை பெற்றார். தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்தில் இவ்வேற்பாடு நிலைத்துவிட்டது. பாரிஸ் நகரத்துப் புனித சுல்பீஸ் ஆலயத்தில் 1862-இல் கவாய்யே-கோல் என்ற மகா சிற்பி அமைத்த நூறு நாதவரிசை கொண்ட ஆர்கனிலும், குழல்களில் ஒரு பகுதி ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. அதன் முகப்பில் திறந்து மூடும் பலகைகளைப் பிரெஞ்சு வாத்தியக்காரர்கள் ஜலூஸி என்றே அழைக்கிறார்கள். வாசிப்பவரின் பாதம் மெல்ல அழுந்த, தொலைவில் ஒலித்த நாதம் ஒன்று கூட்டத்தின் நடுவே வந்து நிற்கும். அது மறைவிலிருந்து வெளிப்படும் அக்கணத்தில் கோபுரத்திலிருந்த பிளமெங்காவை நினைத்துக்கொள்ளத் தடை எதுவுமில்லை.

அடுமனைக்காரனும் சும்மா இருக்கவில்லை. நம் ஊர்க் கடைகளில் பப்ஸ் செய்கிறார்களே, அதே அடுக்கடுக்கான வெண்ணெய் மாவை நீளப் பட்டையாகப் பரப்பி, மேலே பழப்பாகோ வாதுமை விழுதோ வைத்து, மற்றொரு பட்டையால் மூடுமுன் அம்மூடியில் குறுக்கே வரிசையாகக் கத்தியால் கீறிவிடுவார்கள். சூளையில் மாவு பொங்கும்போது கீறல்கள் வாய் விரிந்து, உள்ளேயிருக்கும் சிவந்த பாகு ஜன்னல் இடுக்கில் தெரியும் முகம்போல் தெரியும். அந்தப் பணியாரத்தின் பெயரும் ஜலூஸியே.

இனிப்பாகப் போனாலும், பிரெஞ்சுக்காரர் நாவில் கசப்பின் நினைவு விட்டபாடில்லை. அயல்நாட்டார் கதை வேறு. ஜெர்மானியர் இச்சொல்லை வாங்கிக்கொண்டபோது பொறாமையைக் குறிக்கத் தம் சொந்தச் சொல்லையே வைத்துக்கொண்டு, ஜலூஸிக்கு ஜன்னல் மறைப்பு என்ற ஒரு வேலையை மட்டும் தந்தார்கள். ரஷ்யன் தன் அலுவலகத்துத் தகரப் பட்டைத் திரையை 'ஜலுஸீ' என்று கடைசி அசையை நீட்டிச் சொல்லும்போது எந்தக் கணவனும் அவன் மனக்கண்முன் வருவதில்லை. டேனிஷ்காரரோ உணர்ச்சியை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கோபன்ஹேகன் நகரத்துப் படக்கொட்டகையில் 1925-இல் ஒரு மௌனப் படத்துக்குப் பின்னணியாக யாகோப் காதே இயற்றி உலகெங்கும் பரவிய டாங்கோ நடன இசைக்கு 'ஜலூஸி' என்று பெயரிட்டபோது, அவர் ஜன்னலை நினைத்திருக்க நியாயமில்லை.

இரு பொருளையும் பிரிக்க இயலாதபடி மறுபடி முடிந்துவைத்தவர் அலென் ராப்-கிரியே. எழுத்தாளராவதற்கு முன் விவசாய நிபுணராக மர்த்தினீக், குவாதலூப் தீவுகளில் வாழைத் தோட்டங்களில் பணியாற்றியவர் அவர். 1957-இல் வெளிவந்த 'லா ஜலூஸி' என்ற அவருடைய நாவலில், வாழைத் தோட்டத்து வீடொன்றில், பெயரின் முதலெழுத்து மட்டும் சொல்லப்படும் ஒரு மனைவி. அவளைக் காண வரும் பிராங்க் என்ற அண்டைத் தோட்டக்காரன். இவர்களை யாரோ ஒருவன் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்ப்பவன் 'நான்' என்று ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. மேஜையில் எத்தனை தட்டு, தாழ்வாரத்தில் எத்தனை நாற்காலி என்பதைக் கொண்டே அங்கே மூன்றாவதாக ஒரு கணவன் இருப்பதை வாசகன் ஊகிக்கவேண்டும். அவன் வாழைமரங்களை வரிசை வரிசையாக எண்ணுகிறான். சுவரில் நசுக்கப்பட்ட ஒரு பூரானின் கறையைத் திரும்பத் திரும்ப வருணிக்கிறான். ஜன்னல் பட்டைகளின் இடுக்கில் தெரிகிற அளவுக்கே மனைவியைக் காண்கிறான். அந்நாவலில் எனக்குப் பெரிதாகப் படுவது இடமாற்றம்தான். பெண்ணை உள்ளே வைப்பதற்கென்று கணவன் செய்வித்த மறைப்புக்குப் பின்னே, இப்போது கணவனே போய் உட்கார்ந்துகொண்டான். அவள் வெளியே தாழ்வாரத்தில் குளிர்ந்த பானத்தோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

பிரெஞ்சு வழங்கிய தீவுகளில் இச்சொல் ஊர்ப்பெயராகவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹைத்தியில் செல்வர் வாழும் பெத்தியோன்-வில் நகருக்கு எதிரே, மலைச்சரிவில் ஒன்றன் தலைமேல் ஒன்றாக ஏறி நிற்கும் ஏழைக் குடியிருப்புக்கு ஜலூஸி என்று பெயர். 2013-இல் அரசாங்கம் அவ்வீடுகளுக்கு ஊதாவும் பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சாயம் பூசிற்று, அந்நாட்டு ஓவியர் பிரெபெத் துய்போவின் படங்களை நினைவூட்டும் வகையில். சாயம் முதலில் ஏறியது எதிரே புதிதாக எழும்பிய ஹோட்டல்களின் ஜன்னல்களுக்குத் தெரியும் பக்கத்துச் சுவர்களில். தண்ணீர்க் குழாய் கேட்டோம், சாயம் வந்தது என்று அங்குள்ளோர் குறைகூறினார்கள்.

புதுச்சேரிக்கே திரும்பிவிடுகிறேன். அந்த ஒரு வாரமும் பகல் முழுவதும் பட்டைகளைப் படுக்கவைத்துவிட்டுத் தெருவைப் பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்காக இருந்தது. வெளியே வெயில், உள்ளே இருட்டு என்ற பேதத்தில்தான் அதன் மாயம் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு மாலை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, மேஜை விளக்கை ஏற்றிக்கொண்டு, பனியனோடு ஒரு புத்தகத்தில் மூழ்கியிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் காப்பியோடு வந்தவர், டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே, வழவழப்பான அந்தக் கோலைப் பிடித்து மேலே தள்ளினார். பட்டைகள் சடசடவென்று நிமிர்ந்து மூடின.

"விளக்கு வெச்சாச்சே தம்பி, மூட வேணாமா?" என்றார். "எதிர்த் திண்ணையிலே உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க."